என் குளிசையை விழுங்கி நீ வாங்கிய சான்றிதழ்

அன்புள்ள மகனுக்கு என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. அன்பு இல்லாமலில்லை, அது எங்கும் போய்விடாது. ஆனால் இன்றைக்கு அதைவிடக் கோபம் பெரிதாக இருக்கிறது. அதை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு நலம், நலமறிய ஆவல் என்று எழுத எனக்குத் தெரியாது. பதினொரு நாளாக உனக்கு போன் எடுக்கிறேன். மணி அடிக்கிறது, நீ வெட்டிவிடுகிறாய். உன் தங்கச்சியின் போனிலிருந்து எடுத்தால் என் குரலைக் கேட்டதும், "அப்பா, வேலையா இருக்கேன், பொறகு எடுக்கிறேன்" என்கிறாய். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். ஒரு பிரதியை உன் தங்கச்சி உன் கையில் தருவாள். இன்னொன்றைப் பெயர் போடாமல் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். ஏனென்றால் நீ செய்த காரியத்தை இந்த மாத்தளையில் நீ ஒருவன் மட்டும் செய்யவில்லையாம். வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் பார்க்கப் போகிறவர்களுக்குள் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டதாம். அப்படியானால் அவர்களைப் பெற்றவர்களும் படிக்கட்டும், வெட்கம் எனக்கு மட்டும் எதற்கு?

நீ செய்ததை நேராகவே எழுதிவிடுகிறேன். உனக்கு முப்பத்திரண்டு வயது. உனக்கு பிரஷர் இருக்கிறது. அலுவிகாரையில் பார்மசிக்காரர் கையில் பட்டியைக் கட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கூட இருக்கு, டொக்டர்ட்ட காட்டுங்க" என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார். நீ டொக்டரிடம் போகவில்லை. என் அலுமாரிக்குப் போனாய். கட்டாரில் லொறி ஓட்டும் வேலைக்கு மெடிக்கல் பார்க்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் முன்னதாகவே எங்கள் வீட்டில் வந்து தங்கி, கிளினிக்கில் எனக்கு எண்ணித் தந்த குளிசைகளைக் காலையும் மாலையும் எடுத்து விழுங்கி, பிரஷரை இறக்கிக்கொண்டு போய் நின்றாய். தகுதி என்று முத்திரை குத்திய தாள் உன் கைக்கு வந்தது. வந்த மறுநாளே குளிசையை விட்டாய். அந்தத் தாளில் உன் பெயரும் உன் படமும் இருக்கின்றன. அதில் எழுதியிருக்கிற இரத்த அழுத்தம் மட்டும் உன்னுடையதில்லை.

திருடினாய் என்று நான் சொல்லமாட்டேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்றும் சொல்லமாட்டேன், ஏனென்றால் கொடுத்திருக்க மாட்டேன், பிடரியில் இரண்டு போட்டு உன்னை கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பேன். என் வயிறு எரிவது வேறொன்றுக்கு. குளிசை குறைவதைக் கண்டு நான் என் புத்தியைச் சந்தேகப்பட்டேன், தெரியுமா? மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது பைக்கற்று வெறுமையாகிவிட்டது. உன் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "ரெண்டு ரெண்டா முழுங்குறீங்களா? போட்டத மறந்துட்டுத் திரும்பப் போடுறீங்களா?" என்று கேட்டாள். அறுபத்தொரு வயதில், காலையில் செய்ததை மத்தியானம் மறக்கிறவனாகிவிட்டேனோ என்று எனக்குள்ளேயே நடுங்கினேன். வீட்டுச் சாவியை எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஜெபத்தின் நடுவில் அடுத்த வரி வருகிறதா என்று என்னையே சோதித்துக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நாம் எல்லோரும் வஹகோட்டைக் கோயிலுக்குப் போனோமே, உன் விசா கைகூட வேண்டும் என்று நீ மெழுகுதிரி ஏற்றினாயே, அப்போது உன் அம்மா அந்தோணியாரிடம் என்ன கேட்டாள் என்று உனக்குத் தெரியுமா? தொலைந்த சாமானைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதர் அவர். "இவரு குளிசைய எங்கயோ வச்சிட்டு மறந்துட்டாரு, நீங்கதான் காட்டித் தரணும்" என்று கண்ணீர் விட்டுக் கேட்டாள். எடுத்தவன் அவளுக்குப் பக்கத்தில் முழந்தாளில் நின்றுகொண்டிருந்தான்!

கிளினிக்கில் போய்ச் சொல்ல எனக்கு வெட்கம். மறதி என்று என் கிளினிக் கொப்பியில் எழுதிவிட்டால் பிறகு என்னைக் குழந்தையைப் போல நடத்துவார்கள் என்று பயம். ஒன்பது நாள்தானே என்று சும்மா இருந்தேன். அது என் மடத்தனம், அதை உன் தலையில் போடவில்லை. எட்டாவது நாள் நாவுலைக்குப் போக மாத்தளையில் பஸ் ஏறக் காலைத் தூக்கி வைத்தேன், வலது கை கம்பியைப் பிடிக்கவில்லை. கை அங்கேதான் இருந்தது, என் சொல்லைக் கேட்கவில்லை. கொண்டக்டரிடம் ஏதோ சொன்னேன், வாயிலிருந்து வந்தது எனக்கே விளங்கவில்லை. குடித்திருக்கிறேன் என்று நினைத்து அவன் என்னைத் தள்ளப் பார்த்தான். பின்னால் நின்ற ஒரு பெண்பிள்ளை, ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவளாம், என் முகத்தைப் பார்த்துச் சத்தம் போட்டிருக்காவிட்டால் என்ன நடந்திருக்குமோ. ஒரு மணித்தியாலத்தில் கையும் பேச்சும் திரும்பி வந்தன. மூளைக்குப் போகிற குழாயில் சின்ன அடைப்பு, வந்து போய்விட்டது, அடுத்தது இப்படிப் போகாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நீ ஒரு நாள் வந்து பார்த்தாய். தோடம்பழம் கொண்டுவந்தாய். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, "குளிசைய ஒழுங்காப் போடுங்கப்பா" என்று எனக்குப் புத்தி சொன்னாய். வாய் கூசவில்லையா உனக்கு?

உண்மையைச் சொன்னது உன் மனைவி. நீ போன பிறகு அவள் திரும்பி வந்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வார்டு வாசலில் நின்று அழுதாள். "மாமா, நீங்க மறக்கல. அவருதான் எடுத்துப் போட்டாரு. மெடிக்கலுக்குப் போற எல்லாருமே இப்பிடித்தான் செய்வாங்களாம். எனக்குச் சொல்லாம இருக்க முடியல மாமா" என்றாள். முதலில் எனக்கு வந்தது கோபமில்லை, நிம்மதி. என் மண்டை நன்றாகத்தான் இருக்கிறது என்ற நிம்மதி. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது, வந்தது இன்னும் போகவில்லை. அவளை நீ ஒரு சொல் சொல்லக்கூடாது. நம் குடும்பத்தில் வாயைத் திறந்து உண்மை பேசியது அவள் ஒருத்திதான்.

இனி, பிரஷர்தானே, ஊரில் யாருக்குத்தான் இல்லை என்று நீ சொல்வாய். அதற்குத்தான் அந்த டொக்டர் அம்மா சொன்னதை நீ வந்து கேட்டிருக்க வேண்டும். போன வருடம் கிளினிக்குக்குப் புதிதாக வந்தவர் அவர். மற்றவர்களைப் போல கொப்பியைப் பார்த்து எழுதித் தந்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடவில்லை. "உங்க வீட்டுல வேற யாருக்கு?" என்று கேட்டார். நான் விரல் விட்டு எண்ணினேன். என் அப்பா ஐம்பதுக்குள் போனார். அண்ணன் வாய் கோணி மூன்று வருடம் கிடந்து போனான். உன் சித்தப்பா நாற்பத்து நாலில் போனான். டொக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி ஒரு ஆய்வு நடக்கிறது, விருப்பமென்றால் நீங்களும் பிள்ளைகளும் கொஞ்சம் இரத்தம் கொடுங்கள் என்றார். உன் தங்கச்சி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து கொடுத்தாள். நீ என்ன சொன்னாய்? "எனக்கு ஒண்ணுமில்லப்பா, என்னத்துக்குச் சும்மா ஊசி?" என்றாய். ஊசிக்குப் பயந்தவனா நீ? ஒரு தாளில் உன் பெயர் ஏறிவிடும், ஏறினால் மெடிக்கலில் கேட்பார்கள் என்று அப்போதே கணக்குப் போட்டுவிட்டாய்.

முடிவு வந்ததும் அவர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். சிங்களத்தில் சொன்னார், நம்முடைய பேச்சில் எழுதுகிறேன். "ஐயா, இதயம் ரத்தத்த அடிக்கிற பம்பு மட்டுமில்ல. அதுவே ஒரு ஹோர்மோனையும் செய்யுது. ரத்தம் கூடி இதயத்துட சுவர் இழுபட்டா, அந்த ஹோர்மோன ரத்தத்துல விடும். அது போய் சிறுநீரகத்துக்கு உப்பையும் தண்ணியையும் வெளியேத்தச் சொல்லும், ரத்தக் குழாயத் தளரச் சொல்லும். கொழுப்ப எரிக்கிறதுக்கும் அது உதவுது. சில குடும்பத்துல பொறக்கும்போதே அது குறைவாச் சுரக்கிற மாதிரி அமைஞ்சிருக்கும். பரம்பரையா வாறது. ஒங்களுக்கு அப்பிடித்தான் இருக்கு." தண்ணீர்த் தாங்கி நிறைந்தால் மேலதிகத் தண்ணீர் போக ஒரு குழாய் வைப்போமே, எங்களுக்கு அந்தக் குழாய் பிறவியிலேயே சிறியது என்று நான் விளங்கிக்கொண்டேன். அப்படியே கேட்டேன், கிட்டத்தட்ட அப்படித்தான் என்று சிரித்தார். நம் வீட்டு ஆண்களுக்கு நாற்பது நெருங்கும்போதே தொந்தி விழுவதையும், அதன் பின்னால் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வருவதையும் சொன்னேன். அந்த ஹோர்மோன் குறைந்தால் உடம்பு போடுவது லேசு, உடம்பு போட்டால் அது இன்னும் குறையும், ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும் என்றார். எல்லாம் இது ஒன்றால்தான் என்று நினைக்காதீர்கள், பல காரணங்களில் இது ஒன்று, குளிசையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் நடையும் இருந்தால் எழுபது எண்பது வரை நன்றாக இருக்கலாம் என்றும் சொன்னார். உன் தங்கச்சிக்கு அது இறங்கவில்லை. பிள்ளைகளில் ஒருவருக்கு வரும், ஒருவருக்கு வராது. உனக்கு எப்படி என்று கேட்டேன். "அவர் வரல்லியே ஐயா" என்றார்.

அன்றைக்கு எனக்கு யார்மேல் கோபம் வந்தது தெரியுமா? என்மேல். உன் அம்மாவை நான் படுத்திய பாட்டை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். என் பிரஷர் இறங்காதபோதெல்லாம் அவள் கையில்தான் குற்றம் என்றேன். சொந்தக்காரர் முன்னால் வைத்து, இவளுக்கு உப்பின் அளவு தெரியாது என்றேன். அவள் உப்பைக் குறைத்தாள். நீயும் தங்கச்சியும் சோற்றுக்கு மூஞ்சியைச் சுளிக்கும் அளவுக்குக் குறைத்தாள். அப்போதும் பிரஷர் இறங்கவில்லை. எனக்கு இரண்டு பானை, உங்களுக்கு இரண்டு பானை என்று தனித்தனியாக ஆக்கினாள். அப்போதும் இறங்கவில்லை. ஒரு மத்தியானம் கருவாட்டுக் குழம்பு வாசம் அடித்தது, அது உங்களுக்கு வைத்தது. எனக்கென்று வைத்த கீரையைத் தொடாமலே, "ஒளிச்சி உப்புப் போடுறியா?" என்று கேட்டுத் தட்டைச் சுவரில் அடித்தேன். அந்தோணியார்மேல் சத்தியம் பண்ணினாள். நான் நம்பவில்லை. மற்றவன் உடம்பு வெளியே தள்ளிவிடுகிற உப்பை என் உடம்பு பிடித்து வைத்துக்கொள்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. எனக்கு உப்புக் குறைவாகத்தான் வேண்டும், மற்றவர்களைவிடக் குறைவாகவே வேண்டும், டொக்டரும் அதைத்தான் சொன்னார். ஆனால் அவள் செய்ததெல்லாம் சரியாகத்தான் இருந்தது. கிளினிக்கிலிருந்து வந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அந்தத் தட்ட ஒடச்சதுக்கா, இல்ல நான் சொன்னத நம்பாததுக்கா?" என்று கேட்டாள். இரண்டுக்கும் என்றேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உன் சித்தப்பாவின் கதை அதைவிட மோசம். நாவுலைச் சந்தையில் கத்தரிக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன், களைப்பாக இருக்கிறது என்று லொறிச் சில்லில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான், எழும்பவில்லை. அவனும் என்னைப்போலத்தான், சிரிப்புக்காரன், சாப்பாட்டுப் பிரியன், தொந்தியைத் தட்டிக் காட்டுகிறவன். அவனுக்கும் பிரஷர் என்று நாலு பேர் சொல்லியிருந்தார்கள். "ஒழைக்கிற ஒடம்புக்கு பிரஷர் வராது, அதெல்லாம் கதிரையில உக்காந்து திங்கிறவனுக்குத்தான்" என்று சொல்லித் திரிந்தான். அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். சாவு வீட்டில், அவன் உடம்பு நடுவீட்டில் கிடக்கும்போது, நான் வாய்விட்டுச் சொன்னேன், "வாயக் கட்டியிருந்தா இவன் இருந்திருப்பான்" என்று. உன் சித்தி கேட்டுவிட்டாள். சமைத்துப் போட்டவள் அவளல்லவா? அந்தச் சொல் அவள் தலையில்தான் விழுந்தது. அதற்குப் பிறகு நம் வீட்டு நல்லது கெட்டதுக்கு அவள் வரவில்லை. நான் அன்றைக்கு நாவுலைக்கு பஸ் ஏறப் போனது அவளைப் பார்த்து இதைச் சொல்லத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு போனேன். எல்லாவற்றையும் கேட்டாள். "இப்ப வந்து சொல்றீங்களே, இத்தன வருசம் நான் அவர சோத்தப் போட்டே கொன்னுட்டேன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றாள். தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். நான் குடித்தேன்.

நமக்குள் ஒரு பழக்கம் இருக்கிறது, யாராவது இப்படிப் போய்விட்டால் தின்று செத்தான் என்போம், இல்லாவிட்டால் அது அவன் தலையெழுத்து என்போம். முதலாவதைச் சொன்னால் செத்தவன்மேல் பழி. இரண்டாவதைச் சொன்னால் யார்மேலும் பழியில்லை, யாரும் எதுவும் செய்ய வேண்டியதுமில்லை. இரண்டும் பொய். பரம்பரையாக ஒன்று வருகிறது என்று தெரிவது நம்மைப் பயந்து மூலையில் உட்காரச் சொல்லவில்லை. முன்கூட்டியே தெரிந்துவிட்டது, எழும்பி டொக்டரிடம் ஓடு என்று சொல்கிறது. என் தம்பிக்குத் தெரியாது. எனக்கு அறுபதில் தெரிந்தது. உனக்கு முப்பத்திரண்டில் தெரிந்திருக்கிறது. உன்னைப்போல அதிர்ஷ்டசாலி இந்தக் குடும்பத்தில் யார்? அந்த அதிர்ஷ்டத்தை வைத்துக்கொண்டு நீ என்ன செய்தாய்? ஒரு மிசினை ஏமாற்றினாய்.

சரி, இதை நீ எங்கே படித்தாய் என்று எனக்குத் தெரியும். என்னிடம்தான். அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடித்தால் நான் யோக்கியன் இல்லை. வியாழக்கிழமை எனக்கு கிளினிக் நாள். வியாழக்கிழமைதான் நாவுலையில் மரக்கறி ஏற்றும் நாளும். லொறியை நிறுத்த முடியாது என்று, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த உன் கையில் கிளினிக் கொப்பியைக் கொடுத்து அனுப்பினேன். "அப்பாவுக்கு வேல, குளிசைய மட்டும் தாங்க" என்று நீ கேட்டாய், அவர்களும் போன மாதம் எழுதியதையே எழுதித் தந்தார்கள். ஒரு மாதமில்லை, வருடக்கணக்கில். நம் பக்கத்தில் எத்தனை பேர் இப்படி! மகள் போவாள், பக்கத்து வீட்டுக்காரர் போவார், நாலு கொப்பியை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஒருவரே போவார். கொப்பி ஒழுங்காக கிளினிக்குக்குப் போகும், நோயாளி ஒழுங்காக வேலைக்குப் போவான். இருந்திருந்து ஒரு நாள் நான் நேரில் போனபோது பட்டியைக் கட்டிய நர்ஸ் மிஸ் திகைத்துப்போய் இரண்டு முறை பார்த்தார். கொப்பியில் எல்லாம் நன்றாக இருந்தது, என் உடம்பில்தான் ஒன்றும் நன்றாக இல்லை. ஆளுக்குப் பதிலாகத் தாளை அனுப்பலாம் என்று உனக்குக் காட்டிக்கொடுத்தவன் நான். நீ அதைவிடக் கெட்டிக்காரனாகி, தாளுக்காக ஆளையே மாற்றிவிட்டாய். இந்தப் பாவத்தில் எனக்குப் பங்கிருக்கிறது. பங்கிருக்கிறது என்பதற்காக வாயை மூடிக்கொண்டிருக்கமாட்டேன்.

உன் பதில்கள் எனக்கு மனப்பாடம். "ரெண்டு வருசந்தானப்பா, வந்து பாத்துக்குவோம்" என்பாய். உன் சித்தப்பாவுக்கு இரண்டு நிமிடம் கிடைக்கவில்லை. "எனக்கு ஒண்ணுமே செய்யலியே, தலவலிகூட இல்ல" என்பாய். எனக்கும் ஒன்றும் செய்யவில்லை, பஸ் கம்பியைப் பிடிக்கும்வரை. "அங்க போயி குளிசை எடுத்துக்குவேன்" என்பாய். எப்படி எடுப்பாய்? உனக்கு நோயே இல்லை என்று தாள் சொல்கிறதே! டொக்டரிடம் போனால் பொய் வெளியே வரும் என்று பயந்து, போகவே மாட்டாய். அந்த வெயிலில், பதினெட்டுச் சில்லு லொறியின் ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்துக்கொண்டு, வேர்க்கிறது என்று உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு ஓடுவாய். எனக்குக் கை போனபோது என் கையில் ஒரு குடை இருந்தது. உனக்குப் போகும்போது உன் கையில் என்ன இருக்கும், முன்னால் எத்தனை வாகனம் போகும், அதற்குள் யார் இருப்பார்கள் என்று ஒரு நிமிடமாவது நினைத்தாயா? நானும் முப்பது வருடம் வளையம் பிடித்தவன். ஓட்டுகிறவன் தன் உயிரை மட்டும் கொண்டுபோவதில்லை.

வறுமை என்று சொல்லாதே. கஷ்டம் எனக்குத் தெரியும், நான் தோட்டத்து லயத்தில், ஓர் அறை வீட்டில் பிறந்தவன். பிள்ளையை நல்ல பள்ளிக்கூடத்தில் போட வேண்டும், பாதியில் நிற்கிற வீட்டைக் கட்டி முடிக்க வேண்டும், எல்லாம் நியாயம். டொக்டரிடம் கேட்டேன். ஒழுங்காக மருந்து எடுத்து பிரஷர் அடங்கியிருந்தால் எத்தனையோ வேலைக்குப் போகலாம், ஆனால் அதை முதலில் கண்டுபிடித்து, அடக்கி, கொஞ்சக் காலம் பார்க்க வேண்டும் என்றார். அந்தக் கொஞ்சக் காலத்துக்குத்தான் உனக்குப் பொறுமையில்லை. உனக்குப் பொறுமையில்லாததால், மூன்று வயதுப் பிள்ளை ஒன்று தகப்பன் முகத்தைப் படத்தில் பார்த்து வளர வேண்டுமா?

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். நீ இதைத் தங்கச்சி கையிலிருந்து வாங்கி நின்ற நிலையில் படித்துக்கொண்டிருந்தால் உட்கார்ந்துகொள். இன்று காலை நான் கண்டிக்குப் போனேன். உன் ஏஜென்சிக்குத்தான். மேசையில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். உன் பெயரைச் சொன்னேன், பைலை எடுத்தாள். "இவரு என் மகன். என்னோட பிரஷர் குளிசையப் போட்டுட்டு வந்துதான் மெடிக்கல்ல பாஸ் பண்ணியிருக்காரு. திரும்பப் பாருங்க" என்றேன். அவள் என்னை விளங்காதவள்போலப் பார்த்தாள். "அப்பாவேவா இதச் சொல்றீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். "அவருக்கு டிக்கட் வரப் போவுது, தெரியுந்தானே?" என்றாள். தெரிந்துதான் வந்தேன் என்றேன். உள்ளே போய் மனேஜரைக் கூட்டிவந்தாள், அவர் முன்னாலும் அதையே சொன்னேன். எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திரும்ப மெடிக்கல் பார்க்கும்வரை உன் பைல் நகராது. அதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டாலும் போடுவார்கள் என்று மனேஜர் முகத்துக்கு நேரே சொன்னார். போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். தலைப்பிள்ளை ஆண்பிள்ளை என்று நீ பிறந்த அன்றைக்குத் தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். உன் பிழைப்பில் மண்ணைப் போட்டவனும் இன்றைக்கு நான்தான்.

உன் அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்த பிறகு நீ என்ன சொல்வாய் என்று தெரியும். இவனெல்லாம் ஒரு அப்பனா என்பாய். ஊர் முழுக்கச் சொல்வாய். வீட்டுப் படி ஏறமாட்டாய், பிள்ளையைக் காட்டமாட்டாய், நான் செத்தால் மண் போட வரமாட்டேன் என்பாய். சொல்லு. எல்லாவற்றையும் சொல்லு. நான் என் தம்பியைத் திட்ட வேண்டும்போல எத்தனை நாள் இருந்திருக்கிறது தெரியுமா, திட்டுவதற்கு அவன் இல்லை. நீ என்னை முப்பது வருடம் திட்டு, நாற்பது வருடம் திட்டு. நான் போன பிறகும் என் பெயரைச் சொல்லித் திட்டு. கிழவனாகி, தலை நரைத்து, பேரப்பிள்ளைகள் கேட்கக் கேட்கத் திட்டு.

அப்பா